மாணவர் முதலில் பணம் கட்டட்டும் என்பது நியாயமா?

பல துறைகளில் ஆய்விதழில் கட்டுரை வந்தால் போதும், மாநாடு கூடுதல்தான். கணினி அறிவியலில் நிலைமை தலைகீழ். நியூரிப்ஸ், ஐசிஎஸ்இ போன்ற மாநாடுகளில் கட்டுரை ஏற்கப்படுவதே அந்த ஆய்வின் முதன்மை வெளியீடு. பெரும்பாலும் ஆசிரியர்களில் ஒருவராவது பதிவுக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். மாணவரின் அடுத்த வேலைக்கான அறிமுகம் நடப்பதும் அங்கே, தேநீர் இடைவேளைகளில்தான்.

பெரும்பாலும் வெளிநாட்டில் நடக்கும் இந்த மாநாடுகளுக்குப் போக யார் பணம் தருவது? இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் தேறாத முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய்தான். அமெரிக்க விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர் என்றால், அவருக்கு அதுவே ஏறத்தாழ இரண்டு மாதப் பணம். டிக்கெட்டும் தங்குமிடமும் பதிவும் அதற்கு மேல்.

உதவியே இல்லை என்று சொல்ல முடியாது. கணினி அறிவியல் அமைப்புகளான ஏசிஎம் இந்தியாவும் ஐஏஆர்சிஎஸ்ஸும் இணைந்து பயண நல்கை தருகின்றன. நிரலாக்க மொழி ஆய்வாளர்களின் சிக்பிளான் போன்ற சர்வதேசக் குழுக்களும் மாணவர்களுக்கு உதவுகின்றன. பிரதமர் ஆய்வு நல்கை பெறுபவருக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் ஆய்வு மானியமும் உண்டு. ஆனால் ஐஐடி மாணவருக்கு நான்கு கதவுகள் திறக்கும் இடத்தில், மாநிலப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் ஆய்வு செய்பவருக்கு ஒன்று திறப்பதே அரிது.

நல்கை கிடைத்தாலும் பல இடங்களில் பணம் பயணம் முடிந்த பிறகே வரும். மாணவர் திரும்பி வந்து போர்டிங் பாஸ், பதிவு ரசீது, ஓட்டல் பில், டாலர் மாற்றிய சான்று எல்லாவற்றையும் கோத்து, நெறியாளர் கையெழுத்துடன் கணக்குப் பிரிவில் கொடுக்க வேண்டும். ஒரு ரசீதில் பெயர் சற்று மாறியிருந்தாலும் கோப்பு திரும்பிவிடும். அதுவரை, செலவுக்குக் கடனாக வாங்கிய நண்பரின் கிரெடிட் கார்டுக்கு வட்டி ஏறும். வீட்டில் கேட்க முடிந்தவர் போகிறார். கேட்க முடியாதவரின் கட்டுரையை நெறியாளரோ வெளிநாட்டு இணை ஆசிரியரோ வழங்குகிறார்.

இது ஒருவர் மட்டும் தீர்க்கக்கூடிய சிக்கல் இல்லை. நிறுவனங்கள் கட்டுரை ஏற்கப்பட்ட கடிதத்தின் பேரிலேயே முன்பணம் தர வேண்டும். கணக்குப் பிரிவுக்குத் தணிக்கை பயம் இருப்பது உண்மை. அதற்குத் தெளிவான விதி எழுதித் தருவது நிர்வாகத்தின் கடமை. நெறியாளர்கள் திட்ட முன்மொழிவு எழுதும்போதே மாணவர் பயணத்துக்கென்று ஒரு தொகை கேட்க வேண்டும். இங்கே பட்டம் பெற்றவர்களை வேலைக்கு எடுத்து வளரும் மென்பொருள் நிறுவனங்கள், சிறிய கல்லூரிகளின் மாணவருக்கென்றே தனி நிதி ஒதுக்கலாம்.

மாநாட்டையே இந்தியாவுக்கு வரவழைக்கவும் முடியும். ஐசிஎஸ்இ 2014இல் ஹைதராபாத்திலும், பிஓபிஎல் 2015இல் மும்பையிலும், விஎல்டிபி 2016இல் புதுதில்லியிலும் நடந்தன. ரயில் டிக்கெட் செலவில் நம் மாணவர்கள் போய் உட்காரக்கூடிய மாநாடுகள் அவை. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு அழைப்பு அனுப்ப நம் பேராசிரியர்கள் கூடிப் பேசத் தொடங்கலாம்.