அந்த இருபது டாலர் ஆட்டம் எங்கே போயிற்று?

ஆசிரியர் அவர்களுக்கு,

விளையாட்டு வீடியோ கேம்களின் வணிகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சின்னம் யாருடையதோ அவர் விரும்பியவருக்குக் கொடுப்பார், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற தொனியில் அதில் ஒரு பத்தி இருந்தது. கேட்பதற்கு நிறைய இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் 2003-ல் மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்தவன். இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது என்பதே வந்த பிறகுதான் தெரியும். நான்காவது டவுனில், அதாவது பத்து கஜம் கடக்கக் கிடைக்கும் கடைசி முயற்சியில், ஏன் பந்தை எதிரணிக்கே உதைத்துக் கொடுத்துவிடுகிறார்கள், பத்து கஜத்துக்கு ஏன் இத்தனை அமர்க்களம் என்பதெல்லாம் எனக்குப் புரிந்தது ஒரு வீடியோ கேமில். 2004 கோடையில் அறைத்தோழர்கள் நாலு பேர் ஆளுக்கு ஐந்து டாலர் போட்டு வாங்கினோம். ஈ.எஸ்.பி.என். என்.எஃப்.எல். 2கே5 என்பது அதன் பெயர். விஷுவல் கான்செப்ட்ஸ் நிறுவனம் உருவாக்கி, சேகா பெயரில் வந்தது. விலை 19 டாலர் 99 சென்ட். இடைவேளையில் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சித் தொகுப்பாளர் கிறிஸ் பெர்மனே திரையில் வந்து அதுவரை நடந்த ஆட்டத்தை அலசுவார். மாணவர்கள் சில்லறை சேர்த்து வாங்கிய பொருளில் இவ்வளவு உழைப்பா என்று வியந்தோம்.

அந்த விலை சும்மா வந்ததில்லை. இலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் 'மேடன்' வரிசை அப்போது 50 டாலருக்கு விற்றது. அதை முந்த வேண்டும் என்றுதான் சேகா பாதிக்கும் கீழே இறங்கியது. சில மாதங்களில் மேடனும் 30 டாலருக்கு இறங்கி வந்தது. இரண்டு கடைகள் எதிரெதிரே இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. விலையில் மட்டுமில்லை, ஆட்டத்திலும்தான். ஒருவர் ஒரு புதுமையைக் கொண்டுவந்தால் மற்றவர் அடுத்த ஆண்டே அதற்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

2004 டிசம்பர் 13 அன்று அது முடிந்தது. தேசிய ஃபுட்பால் லீகோடும் (என்.எஃப்.எல்.) வீரர் சங்கத்தின் வணிகப் பிரிவோடும் ஐந்தாண்டுத் தனியுரிமை ஒப்பந்தம் செய்துகொண்டதாக இலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அறிவித்தது. இப்படிப்பட்ட கேமுக்கு இரண்டு அனுமதிகள் வேண்டும். அணிகளின் பெயர், சின்னம், சீருடை, மைதானம் இவை லீகின் கையில். வீரர்களின் பெயரும் முகமும் சங்கத்தின் கையில். ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு வாசலும் அடைபட்டன. அடுத்த மாதமே ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் பெயரையும் பதினைந்து ஆண்டுகளுக்கு அதே நிறுவனம் வாங்கிக்கொண்டது. எங்கள் இருபது டாலர் கேமுக்கு அணியும் இல்லை, வீரரும் இல்லை, கடைசியில் பெயர்கூட இல்லை. சேகா அந்த விஷுவல் கான்செப்ட்ஸை 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு டேக்-டூ நிறுவனத்திடம் விற்றுவிட்டு ஒதுங்கியது. 2005-ல் அடுத்த மேடன் மறுபடியும் 50 டாலருக்கு வந்தது. அந்த ஆண்டு இறுதியில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த பதிப்பு 60 டாலர், அதுவும் பழைய பதிப்பில் இருந்த பல வசதிகள் இல்லாமல்!

அணிப்பெயர் இல்லாமலே ஒரு கேம் செய்யலாமே என்று கட்டுரையாளர் கேட்கலாம். விஷுவல் கான்செப்ட்ஸ்காரர்கள் செய்து பார்த்தார்கள். ஓய்வு பெற்ற இருநூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களை வைத்து, கற்பனை அணிகளோடு 2007-ல் 'ஆல்-ப்ரோ ஃபுட்பால் 2கே8' வந்தது. நல்ல ஆட்டம்தான், ஆனால் ஓடவில்லை. தான் பிறந்து வளர்ந்த ஊரின் அணி இல்லாத கேமை ரசிகன் ஏன் வாங்குவான்? இலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் 'கிரிக்கெட் 07' ஆடியவர்களுக்கு இந்தக் குறை நன்றாகத் தெரியும். உரிமம் இருந்தது ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும்தான். நம் வீரர்கள் எழுத்து மாறிய பெயர்களோடு இறங்குவார்கள், நாம்தான் ஒவ்வொன்றாகத் திருத்தி வைத்துக்கொள்ள வேண்டும். கால்பந்தில் யுவெந்தஸ் அணி 2019-ல் கோனாமியோடு தனியுரிமை ஒப்பந்தம் போட்டதும், ஃபிஃபா 20 கேமில் அந்த அணி 'பியமோன்டே கால்சியோ' என்ற பெயரில் வேறு சீருடையோடு வந்தது. அணியின் பெயரும் நிறமும் இந்தச் சந்தைக்குள் நுழைவதற்கான கதவு. அந்தக் கதவின் சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு. ஒப்பந்தத்தால் போட்டி ஒழிந்தது, விலை ஏறியது என்று 2008-ல் வடக்கு கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வாடிக்கையாளர்கள் சார்பில் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். நான்கு ஆண்டு இழுத்து, 2012-ல் 2 கோடியே 70 லட்சம் டாலர் தருவதாக நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. பிரித்தால் ஆளுக்குக் கிடைப்பது ஒரு சாப்பாட்டுக் காசு. கல்லூரி ஃபுட்பாலுக்கும் அரீனா ஃபுட்பாலுக்கும் ஐந்தாண்டுகள் தனியுரிமை வாங்குவதில்லை என்று அந்தச் சமரசத்தில் ஒப்புக்கொண்டார்கள். வழக்குக்கே காரணமான தேசிய லீகின் தனியுரிமை மட்டும் அப்படியே நின்றது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அணிச்சின்னம் லீகின் சொந்தச் சொத்து என்பதும் அவ்வளவு நேரான விஷயமில்லை. தொப்பி விற்கும் உரிமையை 2000-ல் ரீபாக் நிறுவனத்துக்கு மட்டும் பத்தாண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தது இந்த லீக். அதனால் உரிமம் இழந்த அமெரிக்கன் நீடில் என்ற தொப்பி நிறுவனம் வழக்குப் போட்டது. நாங்கள் 32 அணிகளும் சேர்ந்து ஒரே நிறுவனம், எங்களுக்குள் எப்படிக் கூட்டுச் சதி இருக்க முடியும் என்று லீக் வாதாடியது. 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்த வாதத்தை ஒதுக்கினார்கள். சின்னங்களை விற்கும் விஷயத்தில் அணிகள் தனித்தனி வியாபாரிகளே, அவர்கள் கூடி எடுக்கும் முடிவு போட்டிச் சட்டத்துக்கு உட்பட்டதே என்பதுதான் நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம். தொலைக்காட்சி உரிமையைக் கூட்டாக விற்க லீகுகளுக்கு 1961-ல் நாடாளுமன்றம் தனிச் சலுகை கொடுத்தது. வீடியோ கேமுக்கு அப்படி எந்தச் சலுகையும் யாரும் கொடுக்கவில்லை.

இந்த அணிகள் ஓடுவதே பொதுப்பணத்தின் தோளில். லாஸ் வேகஸ் அரங்கத்துக்கு விடுதி அறை வரியிலிருந்து 75 கோடி டாலர் போனது. பஃபலோவின் புதிய அரங்கத்துக்கு நியூயார்க் மாநிலமும் ஈரி கவுன்ட்டியும் சேர்ந்து 85 கோடி டாலர் ஒதுக்கின. அரங்கம் கட்டும்போது 'இது உங்கள் அணி' என்று மக்களிடம் கை நீட்டுகிறார்கள். மக்கள் அந்த அணியைத் திரையில் ஆட்டிப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் ஒரே கடைக்குத்தான் போக வேண்டுமாம்.

நல்லவர் கெட்டவர் என்று பிரித்து நான் எழுதவில்லை. வாசல் அடைபட்டு நின்ற டேக்-டூவும் திரும்பி அதையேதான் செய்தது. 2005-லேயே பேஸ்பால் லீகோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, கன்சோல் தயாரிப்பாளர்களைத் தவிர வேறு யாரும் அந்த விளையாட்டில் கேம் வெளியிட முடியாதபடி 2012 வரை தடுத்தது. ரசிகர்கள் கொண்டாடிய, இலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் எம்.வி.பி. பேஸ்பால் வரிசை அதோடு லீக் அணிகளை இழந்தது. கடைசியில் டேக்-டூவின் வரிசையும் 2013-ல் முடிந்துபோக, லீக் அணிகளோடு நல்ல பேஸ்பால் கேம் ஒன்று எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தவர்களுக்குக் கிடைக்க 2021 ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எங்கள் எதிர்வீட்டுப் பையன் கல்லூரிக்கே போய்விட்டான் அந்த இடைவெளியில்.

போட்டி இருந்தால் சந்தை சிதறும், பெரிய கேமுக்கு முதலீடு வராது என்று தனியுரிமைக்கு வக்காலத்து வாங்குபவர்கள் கூடைப்பந்தைப் பார்க்கட்டும். என்.பி.ஏ. லீக் யாருக்கும் தனியுரிமை கொடுக்கவில்லை. இலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் டேக்-டூவின் 2கே-யும் பல ஆண்டுகள் நேருக்கு நேர் மோதின. 2010-ல் என்.பி.ஏ. எலீட் 11 தரம் போதாமல் வெளிவராமலே நின்றது, 2கே ஆட்டத்தின் பலத்தில் வென்றது. இன்று அங்கேயும் 2கே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, அதன் மீதும் புகார் உண்டு. ஆனாலும் நாளைக்கே ஒருவர் நல்ல கேம் செய்தால் அங்கே கதவைத் தட்டலாம். ஃபுட்பாலில் கதவே இல்லை. 2020-ல் என்.எஃப்.எல். மேடனின் ஒப்பந்தத்தை மறுபடி புதுப்பித்தது. அதே ஆண்டு 2கே-க்கும் ஓர் உரிமம் கொடுத்தது. அதில் ஒரு நிபந்தனை: நிஜ ஆட்டத்தைப் போல இருக்கும் கேமாக அது இருக்கக் கூடாது. இரண்டு பேருக்கு உரிமம் கொடுக்க முடியும் என்பதை லீகே காட்டிவிட்டது. நன்றாகச் செய்யத் தெரிந்தவரை நன்றாகச் செய்யாதே என்று எழுதி வாங்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த ஆண்டு கோடையில்தான் மேடனில் ஓர் அணியைப் பல ஆண்டுகள் நடத்தும் ஃப்ரான்சைஸ் பகுதியைச் சரிசெய்யச் சொல்லி ரசிகர்கள் சமூக ஊடகத்தில் ஒரு இயக்கமே நடத்தினார்கள். போட்டியாளர் இருந்திருந்தால் வேறு கேமை வாங்கியிருப்பார்கள். இல்லாததால் கெஞ்ச வேண்டியிருந்தது.

நான் கேட்பது இலவசம் அல்ல. லீகும் சங்கமும் ஒரு கட்டணத்தையும் தரத்துக்கான விதிகளையும் வெளிப்படையாக வைக்கட்டும். அதைக் கட்டத் தயாராக இருக்கும் எவருக்கும் உரிமம் கொடுக்கட்டும். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் முன் அமெரிக்கப் போட்டிச் சட்ட அதிகாரிகள் அதைப் பார்வையிட வேண்டும். இங்கே வாக்குரிமை உள்ள உங்கள் வாசகர்கள் தங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு இதை எழுத வேண்டும். தாங்களும் அந்தக் கட்டுரையின் மறுபக்கத்தைப் பிரசுரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2கே5-ஐ இன்றும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அணிகளுக்குப் புதிதாக வந்த வீரர்களின் பெயர்களை ஒவ்வொரு ஆண்டும் தாங்களே உட்கார்ந்து அதில் ஏற்றுகிறார்கள். என் கேம் வட்டும் பத்திரமாகத்தான் இருக்கிறது. இப்போது என் மகள் நான்காவது டவுன் என்றால் என்ன என்று கேட்கிறாள், அதில்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

தங்கள் வாசகன்,
நியூ ஜெர்சி