லா பாயின்ட்: உயிர் போன உடம்பு யாருக்குச் சொந்தம்?

சத்துவாச்சாரி, கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடை. காலேஜ் முடிந்து வந்த நாலு பசங்க. ஒருத்தர் முதல் நாள் ராத்திரி பார்த்த ஹாலிவுட் படத்தின் எஃபெக்டில் இருந்தார். "சார், நான் செத்துட்டா எரிக்காதீங்க, புதைக்காதீங்க. ஐஸ்ல வச்சிடுங்க. நூறு வருஷம் கழிச்சு எழுந்து வர்றேன்!"

பக்கத்திலிருந்தவர் விடவில்லை. "மொதல்ல ஹெல்மெட் போடுடா. ஹைவேஸ்ல அடிபட்டா நேரா அடுக்கம்பாறை ஜி.எச். போஸ்ட்மார்ட்டம் முடிச்சிட்டுத்தான் உன் ஐஸெல்லாம்!"

சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்தால், அவர் சொன்னது செம லா பாயின்ட்!

அந்த ஐஸ் மேட்டருக்குப் பெயர் கிரையோனிக்ஸ். இறந்தவரின் உடலை மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனில் வைத்துக் காப்பது. 1967ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்பவரில் தொடங்கியது. இதுவரை ஒருத்தர்கூட எழுந்து வரவில்லை என்பது வேறு விஷயம். மூச்சு நின்ற நிமிஷமே குளிரூட்ட ஆரம்பிக்க வேண்டும், மூளையைத் தொடவே கூடாது என்பது இதில் ரூல். போஸ்ட்மார்ட்டமோ நேர் எதிர். உடல் காத்திருக்கும், மண்டையோடும் திறக்கப்படும்.

இந்த மோதல் நிஜமாகவே நடந்தது. 1987ல் கலிஃபோர்னியாவில் டோரா கென்ட் என்ற பாட்டியின் தலையை ஆல்கர் நிறுவனம் உறைய வைத்தது. மரணத்தில் சந்தேகம் என்று பிரேதப் பரிசோதனை அதிகாரி தலையைக் கேட்டார். தர மறுத்தார்கள். கோர்ட் வரை போய், தலை தப்பியது!

நம்ம ஊரில்? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 194. 2024 ஜூலைக்கு முன் இதுவே குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174. மரணத்தில் சந்தேகம் இருந்தால் போலீஸ் உடலைப் பரிசோதனைக்கு அனுப்பும். 'வேண்டாம்' என்று நீங்கள் உயில் எழுதினாலும் செல்லாது, அப்பா அம்மா அழுதாலும் நிற்காது. சீக்கிரம் அடக்கம் செய்ய வேண்டும் என்று நினைக்கும் ஆம்பூர், மேல்விஷாரம் குடும்பங்களுக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு வலி என்று சொல்ல வேண்டியதில்லை.

கோபம் வருதா? கொஞ்சம் பொறுங்க. கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டால் ஏன், எப்படி என்று கேட்பதும் இதே பிரிவுதான். 2015 ஜனவரி 31ல் ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்களே, அந்த மாதிரி மரணங்களில் ஏழைக்காகக் கடைசியாகப் பேசும் சாட்சி அவனுடைய உடம்புதான்.

அப்போ இறந்தவரின் ஆசைக்கு இடமே இல்லையா? இருக்கு பாஸ். உறுப்பு மாற்றுச் சட்டம் 1994, பிரிவு 6. பரிசோதனைக்குத் தேவைப்படாத உறுப்பை, உரியவர் சம்மதித்தால் இன்னொரு உயிருக்குக் கொடுக்கலாம். 2008 செப்டம்பரில் 15 வயது ஹிதேந்திரன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, டாக்டர்களான அவன் பெற்றோர் செய்தது அதைத்தான். போக்குவரத்தை நிறுத்தி 11 நிமிடத்தில் முகப்பேர் போய்ச் சேர்ந்தது அவன் இதயம். அங்கே ஒரு சிறுமிக்குள் துடித்தது. 2021 நவம்பரில் மத்திய அரசு, உறுப்பு தானத்துக்கான போஸ்ட்மார்ட்டத்தை ராத்திரியிலும் முன்னுரிமை தந்து செய்யலாம் என்றது. சட்டமும் உடம்பும் இப்படிச் சமாதானம் ஆக முடியும்.

ஒரு எச்சரிக்கை. மெடிக்கல் காலேஜுக்கு முழு உடல் தானம் எழுதி வைத்திருந்தாலும், போஸ்ட்மார்ட்டம் செய்த உடலைப் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கண் தானம் அப்படியில்லை, ஆனால் 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அதனால் உடனே சொல்லணும். எதுவானாலும் நடைமுறையில் கேட்கப்படுவது உங்கள் கார்டு அல்ல, வீட்டில் இருப்பவர்களின் சம்மதம். அந்த நேரத்தில், அழுகைக்கு நடுவில், 'அவன் ஆசைப்பட்டான்' என்று சொல்ல ஒருத்தராவது இருக்கணும்.

டீக்கடைப் பையன் கிளாஸைக் கீழே வைத்தார். "ஐஸ் கேன்சல் சார். ஆனா இதை அம்மாகிட்ட எப்படி ஆரம்பிக்கிறது?"

எனக்கும் தெரியலை. முதல்ல ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போ தம்பி. சாப்பிடும்போது மெதுவா ஆரம்பி.