கணக்காக வெளுக்கிற சாயம்

1690-ல் இங்கிலீஷ் கம்பெனிக்காரர்கள் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் காசு கொடுத்து வாங்கினார்கள். கடற்காற்று வாங்க அல்ல, துணி வாங்க. சோழமண்டலக் கரை மணலில் விளைந்த சாயவேர் கொடுத்த சிவப்பு அப்படி. துவைக்கத் துவைக்கப் போகாது. அந்தக் காலத்துச் சாயக்காரரிடம் போய், 'அய்யா, வெளுக்கிற சாயமா வேணும். அதுவும் கணக்கா வெளுக்கணும்' என்று கேட்டிருந்தால் ஏற இறங்கப் பார்த்திருப்பார்.

கதிர்வீச்சை அளக்கிறவர்கள் கேட்பது அதைத்தான்.

ஆஸ்பத்திரி சிரிஞ்ச், தையல் நூல், கையுறை இவற்றையெல்லாம் வேகவைக்க முடியாது, உருகிவிடும். பெட்டியில் அடைத்து, ஒட்டி, கோபால்ட்-60 முன்னால் காட்டிவிடுகிறார்கள். மும்பை டிராம்பேயில் 1974-லிருந்து நடக்கிற காரியம். (சிரிஞ்சுக்குக் கதிரியக்கம் ஒட்டிக்கொள்ளாதா? வெயிலில் காய்ந்த வடாம் ராத்திரி வெளிச்சமா போடுகிறது?) வழக்கமான அளவு 25 கிலோகிரே, அதாவது இருபத்தைந்தாயிரம் கிரே. மனுஷனுக்கு உடம்பு முழுக்க நாலைந்து கிரே பட்டு, வைத்தியமும் இல்லையென்றால் பிழைப்பது பாதிக்குப் பாதிதான். ஆகவே ஸ்கேலோடு உள்ளே போய் நிற்க ஆள் கிடையாது. தபால்தலை சைஸில் ஒரு சாய ஃபிலிமைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறார்கள்.

செய்முறை சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். பாலிவினைல் ஆல்கஹால்: தறிக்காரர்கள் பாவுக்குக் கஞ்சியாகப் போடும் அதே சரக்கு. வெந்நீரில் கரைத்து, மெத்திலீன் ப்ளூ போல ஒரு சாயம் துளி சேர்த்து, சமமான கண்ணாடியில் ஊற்றி, காய்ந்ததும் உரிக்க வேண்டியது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் கெமிஸ்ட்ரி படிக்கிற பையன் ஒரு மத்தியானத்தில் காய்ச்சி ஊற்றிவிடுவான். காமா கதிர் பட்டதும் பிளாஸ்டிக் மூலக்கூறுகள் உடைந்து, உடைந்த துண்டுகள் சாயத்தின் மேல் பாய்கின்றன. நிறம் குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்று ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் சொல்லும். தெரிந்த அளவுகளைக் காட்டி முன்பே வரைந்து வைத்த கிராஃபில் பார்த்தால் டோஸ் கிடைத்துவிடும்.

காய்ச்சுவது சுலபம். நம்புவதுதான் கஷ்டம். ஒரு ஓரம் தடிமனானால் கணக்குத் தப்பும். ட்யூப் லைட்டும் வெயிலும் தம் பங்குக்கு வெளுக்கும். பாலிவினைல் ஆல்கஹாலுக்கு ஈரம் என்றால் கொள்ளைப் பிரியம். கடலூர் நவம்பரில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அறையை விட்டு வெளியே வந்த பிறகும் சில ஃபிலிம்களில் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் தர நிர்ணய ஆய்வகத்தில் வில்லியம் மெக்லாக்லின் என்பவர் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டியது இந்த வகைச் சாய ஃபிலிம்களோடுதான். இங்கிலாந்து ஹார்வெல்லின் சிவப்புப் பெர்ஸ்பெக்ஸ் இதற்கு நேர் எதிர், கதிர் பட்டால் கறுக்கும். 5-லிருந்து 50 கிலோகிரே வரை அளக்கும். அதையும் ஈரம் புகாத பொட்டலத்தில்தான் விற்கிறார்கள்.

எக்ஸ்ரே ரூம்காரர் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ் வேறு ஜாதி. அவர் கணக்கு மில்லிசீவர்ட்டில். நம் சாயம் அந்தச் சில்லறையைக் கண்டுகொள்ளாது.

பெட்டி மேல் ஒட்டும் பொட்டு ஸ்டிக்கரும் வேறு. மஞ்சள் சிவப்பாகிவிட்டால் 'உள்ளே போய் வந்தாச்சு' என்று மட்டும்தான் அர்த்தம். நெருக்கி அடுக்கிய பெட்டியின் நடுவில் கதிர் குறைவாகத்தான் போய்ச் சேரும். அந்த சிரிஞ்சில் கிருமி பிழைத்திருக்கலாம். வெளியே ஸ்டிக்கர் என்னவோ மங்களகரமாகச் சிவந்துதான் இருக்கும். அதிகமாகக் காட்டினால் பிளாஸ்டிக் மஞ்சளடித்து நொறுங்கும். அதனால், முன்கூட்டியே சோதித்து, ஆகக் குறைவாகவும் ஆக அதிகமாகவும் படுகிற இடங்களைக் கண்டுபிடித்து, கணக்குக்கு அங்கே ஃபிலிம் வைக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு மொத்தமாகச் சரக்கு எடுக்கிறவர்கள் ஸ்டிக்கரைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், டோஸ் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கலாம். ஊசி குத்திக்கொள்கிறவர் கேட்க மாட்டார். அவருக்கு ஏற்கெனவே ஜுரம்.