காயம்பட்டவர் கேள்வி கேட்கட்டும்

குழந்தைப் பருவம் முழுதும் சொந்த வீட்டிலேயே அடியும் வசையும் தகாத தொடுதலும் அனுபவித்த ஒருவர், முப்பது வயதில் உறக்கமின்றித் தவித்து நம்மிடம் வருகிறார். நாம் என்ன சொல்கிறோம்? மன்னித்துவிடு என்கிறோம். தியானத்திற்குப் போய்வா என்கிறோம். அவற்றாலும் ஆறாதபோது, "யாராவது நல்ல ஆற்றுப்படுத்துநரிடம் போ, அவர் சொல்கிறபடி கேள்" என்று சொல்லிக் கடமை முடிந்ததாக எண்ணுகிறோம். இந்த இறுதி அறிவுரையை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

இத்தகையோர் எங்கோ இருக்கும் சிலர் அல்லர். நடுவண் அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினர். அக்குழந்தைகள் இன்று வளர்ந்து நம்மிடையே வாழ்கின்றனர்.

ஒரு விபத்தின் அதிர்ச்சி வேறு. காக்க வேண்டிய கைகளே ஆண்டுக்கணக்கில் காயப்படுத்துவது வேறு. பின்னதில் பிறரை நம்பும் ஆற்றலே வளரும் பருவத்தில் சிதைந்துபோகிறது. இதற்குத் தனிப்பெயர் வேண்டுமென அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் வாதிட்டார். உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் அது தனி நோயாக இடம்பெற்று நடைமுறைக்கு வந்ததோ 2022-இல்தான். அறிஞர் உலகிற்கே முப்பது ஆண்டுகள் பிடித்த ஒன்றை, 'ஆலோசகர்' என்று பலகை மாட்டிய எல்லாரும் அறிந்திருப்பர் என நாம் எவ்வாறு நம்புகிறோம்? சில வாரப் பயிற்சியோடு பலகை மாட்டியவர்களும் உண்டல்லவா?

முதலில் பாதுகாப்பு, பின்னர் நினைவுகூர்ந்து துயரம் ஆற்றுதல், அதன்பின் உறவுகளோடு மீண்டும் இணைதல் என்று ஹெர்மன் படிகளை வகுத்தார். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிடு என வற்புறுத்துபவர் ஆறாத புண்ணைக் கீறுகிறார்.

ஆகவே காயம்பட்டவர் கேட்கட்டும்: உங்கள் பயிற்சி என்ன? மருத்துவ உளவியலாளர் எனில், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்துள்ளீர்களா? குழந்தைப் பருவக் காயங்களுக்குச் சிகிச்சை அளித்ததுண்டா? எந்த வேகத்தில் செல்வீர்கள்? நான் சொல்வது என் குடும்பத்தார் செவிக்குப் போகுமா? 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், சில விதிவிலக்குகளோடு, இரகசியம் காக்கப்படும் உரிமையை அவருக்கு வழங்கியுள்ளது. விடை நிறைவளிக்காவிடில் அவர் எழுந்து வரட்டும்.

இது ஆணவம் என்பர் சிலர். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்ற வாய்ப்பூட்டின் மறைவில்தானே அக்கொடுமை நடந்தது? அதே பூட்டைச் சிகிச்சை அறையிலும் மாட்டுவதா? கேட்கவும் மறுக்கவும் முடிகிறது என்று உணர்வதே நலத்தின் தொடக்கம். மன்னிப்பை நாம் மறுக்கவில்லை. அது காலத்தில் கனிய வேண்டிய கனி. வாயிலில் வசூலிக்கும் கட்டணமன்று.

நல்ல சிகிச்சையாளர் சிலரே, கட்டணமும் மிகுதி என்பது உண்மை. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள் உள்ளன. 2022 முதல் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில், நம் மாவட்டத்தில் எங்குச் செல்லலாம் என விசாரிக்கலாம். அந்த அழைப்பு நீண்டகாலச் சிகிச்சைக்கு ஈடாகாது. வழி கேட்க உதவும்.

எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவரிடம், கள்வரை மன்னித்தாயா என்று சமாரியர் வினவவில்லை. சாவடியை நீயே தேடிக்கொள் என்று கடந்து போகவும் இல்லை. உடன் சென்றார், செலவையும் ஏற்றார். நம் பங்குகளும் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபைகளும் ஒருவரின் பேருந்துச் செலவையும் சிகிச்சைக் கட்டணத்தையும் ஓசையின்றி ஏற்கலாகாதா? தேடுவதில் துணை நிற்போம். தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடையதாகவே இருக்கட்டும்.