வீட்டு வாசலில் வசைச்சொற்கள்: உள்ளாட்சித் தேர்தல் தன்னார்வலர்கள் ஏன் இலக்காகின்றனர்?

மும்பை மாநகராட்சிக்கு 2017 பிப்ரவரியில் தேர்தல் நடைபெற்றது. அந்த மாமன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிவடைந்த பின், ஏறத்தாழ 4 ஆண்டுகள் நிர்வாக அதிகாரியின் பொறுப்பிலேயே மாநகராட்சி இயங்கியது. உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகே, 2026 ஜனவரி 15-இல் 227 வார்டுகளுக்கும் வாக்குப்பதிவு நடைபெற்றது.

பதவிக்காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243-யு பிரிவு. அது மீறப்படும்போது, குடிநீர், கழிவுநீர், குப்பை குறித்த குறைகளைக் கேட்பதற்கு வார்டு உறுப்பினர் இல்லாமல் போகிறார். சேர்ந்துவிடும் அந்தக் கோபம், கட்சியின் பெயரைச் சொல்லி முதலில் கதவைத் தட்டுபவர் மீதே பாய்கிறது.

வேட்பாளர் ஆதரவாளர்கள் புடைசூழ வருகிறார். அவரிடம் எவரும் எளிதில் கடுஞ்சொல் பேசுவதில்லை. துண்டறிக்கைகளுடன் மாடிப்படி ஏறும் தன்னார்வலரோ தனியாகவோ, துணைக்கு ஒருவருடனோ செல்கிறார். தாமதமான தேர்தலுக்கும் உடைந்த குழாய்க்கும் அவர் காரணமல்லர். ஆயினும் கேட்க முடியாதவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அவரிடமே கேட்கப்படுகின்றன. சில வேளைகளில் அவை வசையாகவும் மாறுகின்றன.

எல்லை எது?

கதவைத் திறக்க மறுப்பது குடியிருப்பவரின் உரிமை. ஒருவரது அரசியல் கருத்து எவ்வளவு கசப்பூட்டினாலும், அமைதியான இல்வாழ்வுக்கான அவரது உரிமையை மதிக்க வேண்டும் என்று தேர்தல் நடத்தை விதிகள் கட்சிகளுக்கு அறிவுறுத்துகின்றன. எனவே 'வேண்டாம்' என்ற சொல் அவமதிப்பு ஆகாது. ஆனால் மிரட்டல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆவது பிரிவின் கீழும், பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் சொல்லோ சைகையோ 79-ஆவது பிரிவின் கீழும் குற்றமாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏளனத்துக்கும் ஏச்சுக்கும் பெரும்பாலும் சட்டத்தில் தீர்வு தேட இயலாது.

இழப்பு யாருக்கு?

இத்தகைய அனுபவங்களால் முதலில் விலகுபவர்கள், ஊதியமின்றி ஆர்வத்தால் வந்த மாணவர்களும் பெண்களும் ஓய்வுபெற்றோருமே. அவர்களது இடத்தைக் கூலிக்கு அமர்த்தப்படுவோர் நிரப்பும்போது, பணபலம் இல்லாத சுயேச்சைகளும் சிறு கட்சிகளும் வாக்காளரை நேரில் அணுகும் வாய்ப்பை இழக்கின்றனர். முடிவில் தெரிவுகள் குறைவது வாக்காளருக்கே.

இதில் கட்சிகளின் பொறுப்பு பெரிது. தன்னார்வலரை இருவராக அனுப்புதல், மறுப்பைக் கேட்டவுடன் விலகிச் செல்லப் பயிற்றுவித்தல், வாசலில் சொல்லப்படும் குறைகளைப் பதிவு செய்து வேட்பாளரிடம் சேர்த்தல் ஆகியவை பெருஞ்செலவு கோருபவை அல்ல. குறிப்பாக, குறை பதிவாகிறது என்று கண்டால் கோபம் கோரிக்கையாக மாறக்கூடும்.

ஆனால் தேர்தல் உரிய காலத்தில் நடைபெறாத வரை, இந்த ஏற்பாடுகள் தற்காலிக ஆறுதலாகவே இருக்கும். பதில் சொல்ல வேண்டியவர்கள் தொடர்ந்து பதவியில் இருந்தால்தான், அவர்களுக்குரிய கோபத்தைத் தன்னார்வலர் சுமக்கும் நிலை மாறும்.