குறையக் குறைய ஊற்றினோம்

பவர் ஸ்டீயரிங் ஆயில் எரிந்து தீர்கிற பொருள் இல்லை. டேங்க், பம்ப், ஓஸ், ரேக் என்று மூடிய பாதைக்குள்ளேயே சுற்றுவது. அளவு குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, அவ்வளவுதான். பழைய வண்டி வைத்திருக்கும் நம்மில் பலருக்கு இது தெரியும். தெரிந்தும் டிக்கியில் ஒரு பாட்டிலைப் போட்டுக்கொண்டு, குறையக் குறைய ஊற்றியே வருஷக்கணக்கில் ஓட்டினோம்.

ஒடித்துத் திருப்பும்போது பம்ப் முனகியது. மூடியைத் திறந்தால் ஆயில் நுரைத்துக் கிடந்தது. காற்று உள்ளே போய்விட்டது என்பதற்கான அடையாளம் அது. “ஸ்டீயரிங் சத்தம் போடுது சார்” என்று டிரைவர் சொன்னதற்கு, “பழைய வண்டின்னா அப்படித்தான்” என்றோம். வளைவில் பம்ப் கைவிட்டால் அந்த ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியவர் அவர்தான். பின்சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதையும் நாம் நினைக்கவில்லை.

இதில் மோசமானது வாட்டர் வாஷ். எஃப்.சி.க்கு முந்தின நாளும், விற்கப் போகும்போதும் கசிவுத் தடம் தெரியாமல் எஞ்சினைக் கழுவினோம். கசிவைக் கண்டுபிடிக்கவும் முதல் வேலை கழுவுவதுதான். துடைத்துக் காயவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இருபக்கமும் திருப்ப, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்த்தால் புது ஈரம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

ரிட்டர்ன் ஓஸ் கிளிப் அருகே என்றால் சின்னச் செலவு. பிரஷர் ஓஸில் ரப்பரும் இரும்புக் குழாயும் சேரும் இடத்தில் என்றால் ஓஸையே மாற்ற வேண்டும். கிளிப் போட்டு இறுக்கினால் நிற்காது. முழுதாக ஒடிக்கும்போது பல கார்களில் அங்கே 70 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். டயருக்குள் இருப்பதே ஏறக்குறைய 2 பார்தான். ரேக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் பூட்டைப் பலர் தொட்டதே இல்லை. கிளிப்பைத் தளர்த்தி விலக்கினால் உள்ளே ஆயில் தேங்கியிருக்கக் கூடாது. நம் வண்டிகளில் கறுத்த ஆயில் கொட்டியது. உள் சீல் போய் வெகுநாள் ஆகியிருந்தது.

அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றியவர்களும் நம்மில் உண்டு. இந்த சீல்களின் ரப்பருக்கு அது ஆகாது. ஒரு சீலோடு போகவேண்டிய செலவு பம்ப், ரேக் வரை போனது. ஒழுகிய ஆயில் சூடான சைலன்சர் பைப்பில் விழுந்து புகைந்தபோதும், அது தீப்பிடிக்கும் என்று தெரிந்தே பானட்டை மூடினோம்.

கடைசியில் பட்டறைக்குக் கொண்டுபோனபோதும் மெக்கானிக்கை வேலை செய்ய விடவில்லை. ஓஸ் மாற்றினால் மட்டும் போதாது. முன்சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை அணைத்தபடியே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நிதானமாகத் திருப்பித் திருப்பி, ஆயில் இறங்க இறங்க ஊற்றி, காற்றை வெளியேற்ற வேண்டும். அப்புறம் ஓட்டிப் பார்த்து, மறுபடி ஈரம் இருக்கிறதா என்று தேட வேண்டும். “நாளைக்கு வந்து எடுத்துக்குங்க சார்” என்று அவர் சொன்னதும், சாயங்காலத்துக்குள் முடித்துத் தருகிற வேறு பட்டறையைத் தேடிப் போனோம்.