ஒரு குடையும் ஒரு மணிமாலையும்



சென்ற மாதம் எங்கள் மாதர் கூட்டத்தில் ஒரு வங்காளப் படம் பார்த்தோம். சத்யஜித் ரேயின் நெறியாள்கையில் 1955 ஆம் ஆண்டு வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’ என்ற கறுப்பு வெள்ளைப் படம். எங்களில் எவருக்கும் வங்காளம் தெரியாது. ஆனாலும் படம் முடிந்தபோது பலரின் கண்கள் கலங்கியிருந்தன. வசனம் விளங்காத எங்களுக்குக் கதையைச் சொன்னவை கமரா காட்டிய சின்னஞ்சிறு பொருட்கள்தான்.

ஏழைக் குடும்பமொன்றில் துர்கா என்ற சிறுமியும் அப்பு என்ற தம்பியும் வளர்கிறார்கள். மழையில் நனைந்த துர்கா காய்ச்சலில் விழுந்து, ஒரு புயல் இரவில் இறந்துவிடுகிறாள்.

அதன்பின் அப்பு அழுவதை நெறியாளர் காட்டவில்லை. அவன் தனியே பல் துலக்குகிறான். தானே தலை வாருகிறான். முன்பு பள்ளிக்கூடம் போகும்போது தாயும் அக்காவும் சேர்ந்து வெளிக்கிடுத்திய பிள்ளை அவன். கடைக்குப் போகப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறான். வானத்தைப் பார்க்கிறான். திரும்பி உள்ளே போய்க் குடையை எடுத்து வருகிறான். அவ்வளவுதான். அக்காவைக் கொண்டுபோன மழையை அந்தப் பிள்ளை மறக்கவில்லை என்பதைக் குடை சொல்லிவிடுகிறது.

இன்னொரு காட்சி. அயல்வீட்டு மணிமாலையைத் துர்கா திருடினாள் என்று முன்பு பழி வந்தது. அவள் இல்லையென்று மறுத்தாள். குடும்பம் ஊரை விட்டுப் புறப்படும்போது, அந்த மாலை அப்புவின் கையில் அகப்படுகிறது. எவருக்கும் காட்டாமல் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மாலையை விழுங்கி, மெல்ல மூடிக்கொள்கிறது. அக்காவின் மானத்தைத் தம்பி காத்துவிட்டான். இதைச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

படம் முடிந்த பின் ஒரு தாய் மெதுவாகச் சொன்னார்: “தகப்பனைக் கொண்டுபோன பிறகு என்ரை மகன் ஒருநாளும் அழேல்லை. கல்லு மனம் எண்டு ஏசியும் இருக்கிறன். ஆனா அவன் ஒவ்வொரு இரவும் படலைக் கொழுவியை ரெண்டு தரம் போய்ப் பாத்திட்டுத்தான் படுப்பான். அது ஏனெண்டு இண்டைக்குத்தான் விளங்குது.”

அதன்பின் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

சகோதரிகளே, அடுத்த முறை படம் பார்க்கும்போது ஒரு காட்சிக்கு மட்டும் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். கையில் என்ன இருக்கிறது? வெளிச்சம் எங்கே விழுகிறது? யார் யாரை விட்டு விலகி நிற்கிறார்கள்? வாய் சொல்லாததை இவை சொல்லும். இப்படிப் பார்க்கப் பழகிய கண்ணோடு வீட்டிலும் பிள்ளைகளைப் பாருங்கள். அழாத பிள்ளை துக்கமில்லாத பிள்ளை அல்ல. அதன் துக்கம் கைகளில் இருக்கும்.